நாலு நாற்பது பஸ்

ஐடெல்லா மேஹ்யூ லாரல் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டு, சீறுகிற கெட்டிலைப் பார்த்து, "இரு, வரேன், அதுக்குள்ள என்ன கத்தல்?" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. காலை ஆறே முக்காலுக்குக் கணவன் ஹார்லன் காரை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. முந்தின நாள் அதுகூட இல்லை.

கல் எறிவார்கள் என்றுதான் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். எல்ம்ஹேவன் வெள்ளைக்காரர்களின் புறநகர், அங்கே அவர்களுக்கு முன்னால் கறுப்பர் ஒருவரும் வீடு வாங்கியதில்லை. இவர்களுக்கும் யாரும் நேராக விற்கவில்லை. ஹார்லனோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் தன் பெயரில் வாங்கி, மறுவாரமே இவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஹார்லன் மூன்று வாரம் வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பேஸ்பால் மட்டையைச் சாத்தி வைத்திருந்தான். கல் வரவில்லை. மொட்டைக் கடிதம் வரவில்லை. முகத்துக்கு நேரே ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. இவள் வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டுக்காரி பூவாளியைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், அவ்வளவுதான். கல் எறிந்தால் எறிந்த கையாவது தெரியும். இங்கே புல்வெளிகளில் 'விற்பனைக்கு' என்ற பலகைகள்தான் முளைத்தன. ஏப்ரலில் இரண்டு. ஜூலையில் ஏழு. செப்டம்பரில் தெருமுனை வரைக்கும் வெள்ளைப் பலகைகள், சிப்பாய்களின் இடுகாடு மாதிரி.

அவள் பேச்சில் வளர்ந்தவள். ஒன்பது வயதில் அலபாமாவிலிருந்து அம்மாவோடு ரயிலேறி கிளீவ்லாந்துக்கு வந்தாள். அம்மா இருபத்திரண்டு வருடம் வெள்ளைக்காரர் வீடுகளில் நாள்வேலை செய்து, முழங்கால் இரண்டும் வீங்கி, அந்த வீக்கத்தோடே போய்ச் சேர்ந்தாள். அடுத்தவர் வீட்டுத் தரையில் தன் முழங்கால் படாது என்று ஐடெல்லா அப்போதே தீர்மானித்துக்கொண்டாள். சீடர் சாலையில் ஒரு சலவைக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் பதினான்கு வருடம் நின்றாள். யார் சட்டையில் எந்த வீட்டு உதட்டுச்சாயம் என்பது வரை அவளுக்குத் தெரியும். பிள்ளை இல்லை. அந்தக் கடைதான் அவளுக்குப் பிள்ளைக்குட்டி எல்லாம்.

ஹார்லன் வேதியியல் படித்தவன். படித்த கையோடு எஃகு ஆலையில் ஆறு வருடம் தரை கூட்டினான். பிறகுதான் பரிசோதனைக்கூடத்துக்குள் விட்டார்கள். அந்தக் கூடத்தை நகரத்தைவிட்டு வெளியே கொண்டுபோனபோது அவனும் அதன் பின்னாலேயே போய் வீடு வாங்கினான். அவன் அதிகம் பேசாதவன். சனிக்கிழமைகளில் புல்லோடு இருப்பான். அது போதும் அவனுக்கு.

ஒருமுறை அவள் பழைய கடைக்குப் போய்ப் பார்த்தாள். அவளைக் கண்டதும் கடையில் இருந்தவர்கள், "எல்ம்ஹேவன் சீமாட்டி வந்தாச்சு, நாற்காலியைத் துடைங்கடி" என்றார்கள். சிரிப்புத்தான். ஆனால் நாற்காலியை நிஜமாகவே துடைத்தார்கள். அவள் அதில் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில், செருப்புத் தைக்கக் கொடுக்கலாம் என்று ஒரு பழைய ஜோடியைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை முக்குக்குப் போனாள். செருப்புக்கடை பூட்டியிருந்தது. பக்கத்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றும் அவள் நிறம். மூவர் காலடியிலும் ஆளுக்கொரு காகிதப் பை, பையில் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் தட்டைச் செருப்பு. அதில் மூத்தவள், தொப்பியில் ஊசி குத்தியவள், நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு கண்ணு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. எந்தத் தெரு?"

"லாரல் தெரு."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"தனியாவா எல்லா வேலையும்?"

"தனியாத்தான்."

"பாவம். பெரிய வீடா?"

"எனக்கு ரொம்பப் பெரிசு" என்றாள் ஐடெல்லா. ஒரு சொல் பொய் இல்லை. நாலு நாற்பதுக்கு பஸ் வந்தது. மூவரும் ஏறினார்கள். மூத்தவள் படியில் நின்று, "வா, வா, கதவைச் சாத்திருவான்" என்று கையை நீட்டினாள். ஐடெல்லா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

மூத்தவள் பெயர் ஒசெல்லா. நடுவயதுக்காரி வெர்னெல், நாக்கில் மிளகாய் அரைத்தவள். சின்னவள் லுர்லீன், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். முப்பத்தைந்து நிமிடப் பயணம். நகரத்து எல்லையில் பஸ் மாறும் இடத்தில் மூவரும் மூன்று பக்கம் பிரிந்தார்கள். ஐடெல்லா பத்திரிகைக் கடைக்குப் பின்னால் போய் நின்றாள். அவர்கள் தலை மறைந்ததும் சாலையைக் கடந்து, திரும்பிப் போகிற அதே பஸ்ஸில் ஏறினாள். கிழட்டு ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?" என்றான். ஆமாம் என்றாள். நான்காம் நாள், "இன்னிக்கும் ராத்திரி விருந்தா அவங்க வீட்ல?" என்றான். அதற்கும் ஆமாம். ஹார்லன் ஆறரைக்கு வரும்போது சோளரொட்டி சூடாக இருந்தது.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. நாலேகால் மணிக்கு வீட்டுடையை மாட்டி, பையில் செருப்பைப் போட்டு, தெருவில் இறங்கினால் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

பெஞ்சில் நடந்ததெல்லாம் வீட்டம்மாக்களின் விசாரணை. எந்த வீட்டம்மாவுக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது. ஒசெல்லாவின் வீட்டம்மா 'சில்லறை'. நாணயமானவளா என்று பார்க்க விரிப்புக்கு அடியில் காசு வைப்பவள். வெர்னெலின் வீட்டம்மா 'மோப்பம்'. அலமாரியை முகர்ந்து பார்ப்பவள். லுர்லீனுடையவள் 'நாளைக்கு'. கூலி கேட்டால் அதையே சொல்பவள்.

"உன்னுது எப்படி?" என்று வெர்னெல் கேட்டாள்.

"நல்லவங்கதான்" என்றாள் ஐடெல்லா. "சத்தம் போடமாட்டாங்க. மதியம் கூட உக்காந்து சாப்பிடச் சொல்லுவாங்க."

வெர்னெல் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "கூட உக்காந்தா? பேர் என்ன, கன்னி மரியாளா? இந்த ஊர்ல அப்படி ஒருத்தி இருந்தா நான் என் தொப்பியைத் தின்னுடறேன்."

மறுநாளிலிருந்து ஐடெல்லா தன் வீட்டம்மாவுக்குக் குறை தேட வேண்டியதாயிற்று. வேறு யாரிடம் தேடுவாள்? வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். "நாள் முழுக்க வீட்டுலேயே இருப்பாங்க" என்றாள். "எங்க போனாலும் பின்னாலேயே வருவாங்க. ஒரு ஜன்னல் திரையை மூணுதரம் கழட்டி மாட்டுவாங்க. அடுப்புகிட்டப் பேசுவாங்க."

"ஆங், இது நிஜம்!" என்று வெர்னெல் தொடையில் தட்டினாள். "இதுதான் எல்லாத்துலயும் மோசமான ஜாதி. நீ தரையைத் தேய்ப்ப, அவ தலைமாட்டுல நின்னு தன் கதையை ஓட்டுவா. கூலி தேய்க்கறதுக்கு மட்டும்தான். கேக்கறதுக்கு யாரு கொடுக்கறது?" அன்றே பெயரும் வைத்துவிட்டாள்: நிழலம்மா.

மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஐடெல்லாவும் சிரித்தாள். அக்டோபர் முழுக்க நிழலம்மாவின் கதை வளர்ந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது, நாளைக்கு எதைச் சொல்லலாம் என்று தன்னையே ஓரக்கண்ணால் கவனித்துக்கொள்வாள். தபால்காரன் வரும் நேரத்துக்குத் தலைசீவிக்கொள்வது. ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பை எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பது. அதையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லப் பாரம் குறைந்த மாதிரியும் இருந்தது, தோலை உரித்துக் காட்டிய மாதிரியும் இருந்தது.

ஒசெல்லா மட்டும் ஒருநாள் சிரிக்கவில்லை. "அவ பேர் என்ன?" என்றாள்.

ஐடெல்லா வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னாள். "மிசஸ் ஹென்லி."

"ஞாயித்துக்கிழமை எங்க சபையில ஜெபச்சீட்டு எழுதிப் போடறேன். இப்படிப்பட்ட மனசு கல்லாகிப் போயிருக்கும். கர்த்தர்தான் இளக்கணும். அது உனக்கும் நல்லது."

ஒசெல்லாவின் சபை ஒரு பழைய மளிகைக்கடைக்குள் நடப்பது. மொத்தம் நாற்பது பேர். மூன்று ஞாயிறு அந்த நாற்பது பேரும் மிசஸ் ஹென்லியின் மனம் இளக வேண்டுமென்று முழங்கால் போட்டார்கள். திங்கட்கிழமை ஒசெல்லா வந்து சொல்வாள். அந்த நாளெல்லாம் ஐடெல்லாவுக்குள் ஒரு சூடு இருக்கும். தப்பான பெயரில், தப்பான காரணத்துக்காகத்தான். இருந்தாலும் நாற்பது பேர்.

நவம்பர் இரண்டாவது வாரம் ஒசெல்லா ஒரு பைக்குப் பதில் மூன்று பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பையில் அவள் வேலைக்குக் கட்டும் இரண்டு கவசத்துணி. இன்னொன்றில் சட்டம் போட்ட ஒரு குழந்தைப் படம்.

"என்ன யக்கா, வீட்டையே தூக்கிட்டு வரீங்க?" என்றாள் லுர்லீன்.

"வீடுதான் என்னைத் தூக்கிப் போட்டுருச்சு." ஒசெல்லா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "லாரல் தெருவுல நம்மாளு ஒருத்தன் வீடு வாங்கிட்டானாம். விலை விழறதுக்குள்ள வித்துட்டுக் கிளம்பறாங்களாம். இருபது மைல் தள்ளி. அங்க பஸ்ஸே கிடையாது. சில்லறை அழுதா. 'ஒசெல்லா, உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்கே தெரியும்'ங்கறா. பதினோரு வருஷம் அவ புள்ளைங்களைக் குளிப்பாட்டினேன். எனக்கு அவமேல என்ன இருக்குன்னு அவ கேக்கல."

"எவன் அவன்?" என்று வெர்னெல் வெடித்தாள். "பூமியில வேற இடமே இல்லாத மாதிரி இங்க வந்து உக்காந்துக்கிட்டு! அவனுக்குப் புல்லுத் தரை வேணும், நமக்குப் பொழப்பு போவுது."

"ஏன், அவன் வாங்கக் கூடாதா?" என்றாள் லுர்லீன். "எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. எதிர்ல பாத்தா கையைப் பிடிச்சுக் குலுக்குவேன்."

"குலுக்கு. குலுக்கிட்டு, அக்காவுக்கு ஒரு வேலையும் போட்டுக் கொடுன்னு கேளு. ஏ ஐடெல்லா, நீ அந்தத் தெருதானே? பாத்திருக்கியா அவங்கள?"

ஐடெல்லாவின் மடியில் பை இருந்தது. அதன் காகித ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "பாத்திருக்கேன்."

"எப்படி? தலை மேல கொம்பா?"

"இல்ல. அந்தப் பொம்பளை அவ்வளவா வெளிய வரமாட்டா."

"எப்படி வருவா, மூஞ்சியை எங்க வச்சுக்கறது" என்றாள் வெர்னெல்.

பஸ்ஸில் ஒசெல்லா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, கேட்கக் கூசுகிறவளைப் போல மெல்லக் கேட்டாள்: "உன் நிழலம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். வாரத்துல ஒருநாள், வியாழக்கிழமை கிடைச்சாப் போதும். ஒரு வீடு கிடைச்சா அதைப் பிடிச்சு அடுத்தது வரும். பின்னாலேயே வந்தா வரட்டும், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தான்."

இரண்டு நாள் ஐடெல்லா நிறுத்தத்துக்குப் போகவில்லை. சளி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நிழலம்மாவுக்கு ஆள் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பெஞ்சில் தன் இடம் தனக்கு இருக்கும். ஒசெல்லாவின் இடம்தான் இருக்காது, அதுவும் தான் வீடு வாங்கியதனால். வரச் சொன்னால் ஒசெல்லாவுக்கு ஒரு வியாழக்கிழமை கிடைக்கும். அன்றோடு எல்லாம் போகும். இந்த இரண்டு மாதத்தில் 'கண்ணு' என்று ஒருத்தி கூப்பிட்டாளே, அதுவும்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது ஹார்லனிடம், "வாரம் ஒருநாள் ஆள் வச்சுக்கலாமா?" என்றாள்.

அவன் முட்கரண்டியைத் தாழ்த்தினான். "நீயா? இன்னொருத்தியை முழங்கால் போட வைக்கமாட்டேன்னு வீடு வாங்கினப்ப அந்தக் குதி குதிச்சியே?"

"சொன்னேன்தான்."

"வேணும்னா வை" என்றான். பிறகு கீரையைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை பெஞ்சில், "வரச் சொல்லிட்டாங்க அக்கா, வியாழக்கிழமை எட்டு மணிக்கு" என்று சொன்னபோது ஒசெல்லா எழுந்து நின்று அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் கோட்டில் கற்பூரத் தைலமும் மாவும் கலந்த வாசம். ஐடெல்லா நினைத்ததைவிட ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தாள்.

"பாத்தியா," என்றாள் ஒசெல்லா, "நாப்பது பேர் ஜெபம்னா சும்மாவா?"

வியாழக்கிழமை காலை ஐடெல்லா சர்ச்சுக்குப் போகும் உடையைப் போட்டாள், கழற்றினாள். வீட்டுடையைப் போட்டாள், அதுவும் வேஷம் மாதிரி இருந்தது. அதோடு நின்றபோது பின்கதவு தட்டப்பட்டது. வேலைக்கு வருகிறவர்கள் தட்டும் தட்டு, இரண்டே தரம், மெல்ல.

"ஓ, நீ முன்னாலயே வந்துட்டியா" என்று ஒசெல்லா காலைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எழுந்துட்டாளா?"

"அக்கா, உள்ள வாங்க. வேற யாரும் இல்ல."

"வெளிய போயிருக்காளா? போகவே மாட்டான்னியே."

ஐடெல்லா கூடத்துப் பக்கம் வழிவிட்டு நின்றாள். கூடத்துச் சுவரில் கல்யாணப் படம் இருந்தது. ஒசெல்லா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனாள். வெகுநேரம் பார்த்தாள். படத்தில் இருபத்து மூன்று வயது ஐடெல்லா பூங்கொத்தைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். ஒசெல்லா திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாப்பது பேரு," என்றாள். "கிழடு கட்டையெல்லாம். மூணு ஞாயிறு. பாஸ்டர் அந்தப் பேரைச் சத்தமா வாசிச்சாரு."

"தெரியும் அக்கா."

"கால் வலின்னியே, என் தைலத்தைக் கொடுத்தேனே. அதை என்ன செஞ்ச?"

"தடவினேன். கால் நிஜமாவே வலிச்சுது."

ஒசெல்லாவின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து, வந்த வழியே போனது. "ஏன்டி இப்படி?"

"யாராவது என்னை உக்காருன்னு சொல்லி ஆறு மாசம் ஆச்சு. நீங்க சொன்னீங்க."

"நான் சொன்னது வேலைக்கு வந்த பொண்ணுகிட்ட."

ஒசெல்லா தன் கைகளை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். "சில்லறை ஓடறது உங்களாலதான். கோபம் வரணும் எனக்கு. வருது. ஆனா எது எதுக்குன்னு பிரிக்க முடியல. வீடு வாங்கினதுக்குக் கோபப்பட முடியுமா? மாட்டேன். என் மகன் வாங்கினா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவேன். எங்ககூட உக்காந்து எங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு, எங்க பரிதாபத்தை வாங்கிட்டு, இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்தியே..." முடிக்காமல் எழுந்தாள். தொப்பி ஊசியை உருவினாள். கவசத்துணியைக் கட்டினாள். "எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?"

"வேலை வேண்டாம் அக்கா. காபி போடறேன், உக்காருங்க."

"விருந்தாடவா பஸ் ஏறி வந்தேன்? நாள்வேலைக்கு வந்திருக்கேன். வாளி எங்க?"

ஐடெல்லாவும் ஒரு துணியை எடுத்தாள். ஒசெல்லா அதைக் கையிலிருந்து வாங்கித் தொட்டியின் ஓரத்தில் போட்டாள். "வேலைக்காரியா நடிச்சது போதும். இப்ப வீட்டுக்காரியா இரு. யாரு யாருன்னு எனக்குத் தெரியணும்."

பத்து மணிக்கு ஒசெல்லா தெருப்பக்கத்து ஜன்னல்களைத் திறந்து துடைக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் சருகு வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கவசத்துணி, வாளி, கையில் துணி. அவள் கண்ணுக்குப் பழகின காட்சி. கையை உயர்த்தி, "காலை வணக்கம், நல்ல வெயில் இல்ல?" என்று தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். "ஆமாங்கம்மா" என்றாள் ஒசெல்லா. திரைக்குப் பின்னால் நின்ற ஐடெல்லா எட்டு மாதத்தில் முதல்முறையாக எதிர்வீட்டுக்காரியின் குரலைக் கேட்டாள். நல்ல குரல்தான்.

மதியம் ஐடெல்லா இரண்டு தட்டு வைத்தாள். பன்றித்தொடை இறைச்சி, கீரை, சோளரொட்டி. ஒசெல்லா தன் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டியை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். வெளியே நவம்பர்க் குளிர். கதவுக் கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. ஐடெல்லா தன் தட்டைத் தொடாமல், அவளுடைய தட்டையும் எடுக்காமல், அந்த முதுகு எழும்வரை உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்கு வீடு பளிச்சென்று இருந்தது. எந்த அறையிலும் ஐடெல்லாவின் கை பட்டதன் தடம் இல்லை. ஒசெல்லா கூலியை வாங்கிப் பையில் வைத்துத் தொப்பியைக் குத்தினாள். "நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். "அது என் வாயில வரவேண்டிய பேச்சு இல்ல."

ஐடெல்லா கோட்டை மாட்டினாள். காகிதப் பையை எடுக்கவில்லை. பின்வழியாகப் போகத் திரும்பிய ஒசெல்லாவை, "இந்தப் பக்கம் அக்கா" என்று வாசல்வழியாகக் கூட்டிப்போனாள். இருவரும் லாரல் தெருவின் நடைபாதையில் பலகைகளுக்கு நடுவே நடந்தார்கள். அங்கங்கே ஜன்னல்களில் திரை அசைந்தது. இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நடக்கலாம், அவ்வளவு இடம் இருந்தது.

பெஞ்சில் வெர்னெலும் லுர்லீனும் இருந்தார்கள். "என்ன யக்கா, நிழலம்மா எப்படி? விட்டாளா?" என்று வெர்னெல் ஆரம்பித்தாள்.

ஐடெல்லா உட்காரவில்லை. "நான்தான் அது" என்றாள். "நிழலம்மான்னு ஒருத்தி இல்ல. லாரல் தெருவுல வீடு வாங்கினது நானும் என் வீட்டுக்காரரும்தான். நான் யார் வீட்டுலயும் வேலை செய்யல."

வெர்னெல் முதலில் ஒசெல்லாவைப் பார்த்தாள். ஒசெல்லா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெர்னெலுக்கு வந்தது சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அடிப்பாவி! அப்ப அடுப்புகிட்டப் பேசறது? ரெண்டு கோப்பை?"

"நான்தான்."

"உன்னையே திட்டி எங்களைச் சிரிக்க வச்சியே! என் ஜன்மத்துல இப்படி ஒரு கூத்தை..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டவில்லை.

லுர்லீன்தான் முகம் இறுகி எழுந்தாள். "கையைக் குலுக்குவேன்னு சொன்னேனே. நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. அப்ப கையை நீட்டியிருக்கலாமே?" "'நாளைக்கு' என்னை அறைஞ்சதை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. என்னைப்போல ஒருத்தின்னு நினைச்சுச் சொன்னேன்."

ஐடெல்லாவின் வாயில் மன்னிப்பு இருந்தது. அதற்குள் பஸ் வந்து நின்றது. லுர்லீன் முதலில் ஏறினாள், திரும்பாமல். வெர்னெல் பையை எடுத்துக்கொண்டு, "அந்த வீட்டை மட்டும் வித்துறாத, ஆமா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அது கோபமா கேலியா என்று தெரியவில்லை. ஒசெல்லா கடைசி. படியில் ஒரு காலை வைத்து நின்றாள்.

"அடுத்த வியாழக்கிழமை எட்டு மணிக்கு வரேன், மிசஸ் மேஹ்யூ. வாளி ஒழுகுது, வேற வாங்கி வைங்க."

கதவு சாத்தியது. ஓட்டுநர் இவளைப் பார்த்து, ஏறவில்லையா என்பதுபோல ஒரு கணம் தாமதித்தான். இவள் இல்லை என்று தலையசைத்தாள். பஸ் போனது. பின்கண்ணாடியில் மூன்று தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்வதை அவள் பார்த்தாள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு இப்போது எல்லா இடமும் இருந்தது. மருந்துக்கடையில் விளக்குப் போட்டார்கள். வேலையிலிருந்து திரும்புகிற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவளைக் கடந்து போயின. ஒவ்வொன்றிலும் ஒற்றை ஆள். ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் அதில் ஒரு கார் வேகம் குறைந்து ஓரமாக நின்றது. ஹார்லன் குனிந்து கண்ணாடியை இறக்கினான்.

"இந்தக் குளிர்ல இங்க என்ன பண்ற? யாராவது வராங்களா?"

"இல்ல," என்றாள் ஐடெல்லா. "எல்லாரும் போயிட்டாங்க."

அவன் எட்டிக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள். வீடு மூன்று தெரு தள்ளித்தான்.